வெள்ளைச் சவ்வரிசியும் நீலத் தீயும்

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அடுப்பு அணைந்தது. நீலமாக எரிந்துகொண்டிருந்த தீ மஞ்சளாகி, இரண்டு முறை செருமி, பிறகு ஓய்ந்துவிட்டது. வறுக்கும் சட்டியின் முன் நின்றிருந்த குப்பாயி, பாதி வெந்த சவ்வரிசியைத் துடுப்பால் புரட்டிப் பார்த்துவிட்டு உள்ளே குரல் கொடுத்தாள்.

“அம்மிணீ! உங்க பலூனு இன்னைக்கு விரதமாட்ட இருக்குது. வந்து என்னன்னு கேளுங்க!”

மதுமதி ஓடிவந்தாள். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மற்ற மூன்று அடுப்புகளும் ஒவ்வொன்றாகத் தலை சாய்ந்தன.

சேந்தமங்கலத்தைத் தாண்டி, கொல்லிமலை சாம்பல் நீலமாக நிற்கும் பக்கத்தில் இருந்தது அந்தச் சேகோ ஆலை. மதுமதியின் அப்பா ராசப்பன் நடத்துவது. பருவத்தில் தினமும் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, லாரி லாரியாக வந்து இறங்கும். கிழங்கின் மாவு சவ்வரிசியாகும். தோல் குப்பைமேட்டுக்குப் போகும். அரைத்த சக்கையைத் திப்பி என்பார்கள். அது காய்ந்து மாட்டுத் தீவனமாகும். மிஞ்சுவது புளித்த கழிவு நீர். முப்பது வருடமாக அது ஓடை வழியாகப் பக்கத்து விவசாயி ஆராயியின் வயற்காட்டுக்குள் போய்க்கொண்டிருந்தது. அவள் கிணற்றில் வாளி விட்டால் நாற்றம் முதலில் ஏறி வரும், தண்ணீர் பிறகுதான் வரும்.

மதுமதி கோவையில் பொறியியல் படித்து, அங்கேயே இரண்டு வருடம் வேலையும் பார்த்துவிட்டு வந்தவள். வந்ததும் பெரிய குழி வெட்டி, அதன்மேல் கறுப்புத் தார்ப்பாலின் போன்ற கனத்த விரிப்பை மூடி, கழிவு நீரை அதற்குள் திருப்பினாள். சாணியைக் கரைத்து ஊற்றினாள். நாற்பதாம் நாள் விரிப்பு மெல்ல உப்பியது. குப்பாயி அதற்குப் பலூன் என்று பேர் வைத்தாள். ஏதோ பெரிய விலங்கு மண்ணுக்கடியில் தூங்கி, மூச்சு இழுக்கும்போது மட்டும் முதுகு தெரிவதுபோல இருந்தது அவளுக்கு. அந்த வாயு குழாயில் வந்து அடுப்பில் எரிந்தது. குழியிலிருந்து வெளியேறிய தண்ணீர் கிழங்குக் காட்டுக்குப் பாய்ந்தது. அந்தக் கிழங்கு மறுபடி ஆலைக்கே வரும். மூன்று வாரமாக விறகு லாரியே வரவில்லை.

ராசப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து அடுப்பைக் குனிந்து பார்த்தார்.

“எரியலீங்களா மேடம்?”

“ஒரு நாள் குடுங்கப்பா. குழாயில எங்காச்சும் கசியும்.”

“ஒரு நாளென்ன, வெள்ளிக்கிழமை வரைக்கும் எடுத்துக்க. அன்னைக்கு விறகு லோடு வருது, இப்பத்தான் சொல்லீட்டேன். அதுக்குள்ள எரிஞ்சாச் சரி. இல்லீன்னா குழிய மூடி நாலு தென்னையை வெச்சுப்போடலாம். பெருங்குழி, நல்லாக் காய்க்கும்.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அவர் தென்னை வைக்கிறேன் என்றால் வைத்துவிடுவார். மதுமதிக்கு அது தெரியும்.

அன்று முழுக்கச் சோப்பு நுரையைத் தொட்டுக் குழாயின் ஒவ்வொரு இணைப்பிலும் தடவினாள். எங்கும் குமிழி வரவில்லை. மறுநாள் குப்பாயி வீட்டுச் சாணியை வாங்கி நாலு கூடை கரைத்து ஊற்றினாள். விரிப்பு எழவில்லை. நடுவில் குழிந்து, அதில் தேங்கிய பனித்தண்ணீரில் ஒரு மைனா குளித்துக்கொண்டிருந்தது.

புதன்கிழமை காலை ஆராயி வந்தாள். ஆலைக்கு எதிராகப் பஞ்சாயத்தில் ஏழு முறை மனு கொடுத்தவள். இடுப்பில் ஒரு பறங்கிக்காயோடு வந்து நின்றாள்.

“உனக்குத்தான் கொண்டாந்தேன், புடி கண்ணு. மூணு நாளா உங்க வாய்க்காப் பக்கம் துளி நாத்தமில்ல. என்ற மருமவ வாசல்ல உக்காந்து சோறு திங்கறா. கையெடுத்துக் கும்புடோணும் உன்னைய.”

மதுமதி பறங்கிக்காயை வாங்கிக் கீழே வைத்தாள். “மூணு நாளாவா?”

“ஞாயித்துக்கெழமையில இருந்து.”

கழிவு நீர் குழிக்குள் போகும் வரை திறந்த வாய்க்காலில் வருகிறது. அது வழியில் புளித்து நாறித்தான் ஆகவேண்டும். புளிக்கவில்லை என்றால் தண்ணீரில் உயிர் இல்லை என்று பொருள். குழிக்குள் இருந்து வாயு விடுகிற கண்ணுக்குத் தெரியாத கூட்டத்துக்கு அந்தப் புளிப்புதான் சாப்பாடு. மதுமதி வாய்க்காலுக்குப் போய் ஒரு கை அள்ளி முகர்ந்தாள். பஞ்சாயத்துத் தண்ணீர்த் தொட்டியைக் கழுவிவிட்ட நாளில் குழாயில் வருமே, அந்த வாசனை. பிளீச்சிங் பவுடர்.

மாவுத்தொட்டிகளைப் பார்த்துக்கொள்வது சின்னண்ணன். இருபத்தாறு வருடமாக ஆலையில் இருப்பவர். மாவுப்பால் எப்போது தெளியும், எப்போது மேல்தண்ணீரை இறக்கலாம் என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். மதுமதி போனபோது இரண்டாம் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் சாக்குப் போட்டு மூடிய ஒரு நீல டப்பா.

“சின்னண்ணா, தொட்டியில மருந்து போட்டீங்களா?”

அவர் மழுப்பவில்லை. “போட்டேனுங்க.”

“அப்பா சொன்னாங்களா?”

“அவரெதுக்குச் சொல்றாரு? எனக்குக் கண்ணில்லீங்களா?” மடியிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். போன வாரச் சவ்வரிசி. “இதைப் பாருங்க. பழுப்பு. வியாபாரி கறுப்புத் துணியில கொட்டி, விரலால தள்ளிப் பாத்துட்டு, ‘என்ன சின்னண்ணா, தொட்டியில டீத்தூள் விழுந்துருச்சா’ங்கறான். இருபத்தாறு வருசத்துல என்ற தொட்டி மாவைப் பாத்து ஒருத்தன் அப்பிடிக் கேட்டதில்லீங்க அம்மிணி.”

“அதுக்கு மருந்தா? அந்தத் தண்ணி நேரா குழிக்குப் போயி எல்லாத்தையும் கொன்னுருச்சு. அடுப்பு எரியாததே அதனாலதான்.”

சின்னண்ணன் பீடியை அணைத்தார். “அடுப்புக்கும் இதுக்கும் சம்பந்தமுங்களா? எனக்குத் தெரியாதுங்களே.” பிறகு தாழ்ந்த குரலில் கேட்டார். “நீங்க மட்டும் சொன்னீங்களா, போன வாரம் ரெண்டாந் தொட்டிக்குப் பழைய தண்ணியைத் திருப்பி உட்டீங்களே?”

மதுமதி தொட்டியோரத்து மோட்டாரைத் திரும்பிப் பார்த்தாள். உண்மைதான். போர்வெல் தண்ணீரை மிச்சம் பிடிக்கலாம் என்று, ஒரு முறை தெளிந்த தண்ணீரை மோட்டார் வைத்து மறுபடி மாவுப்பாலிலேயே சேரும்படி செய்திருந்தாள். பெருமையாக நோட்டில் படம்கூட வரைந்திருந்தாள். ஆனால் தொட்டிக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தத் தண்ணீரால் வந்த பழுப்பை அவர் கண்டார், மருந்தைப் போட்டார், அவளிடம் சொல்லவில்லை.

“பழைய தண்ணிய வேண்டான்னா சொல்றீங்க?”

“வேண்டாங்கலீங்க. ரெண்டாந் தொட்டிதான் கடைசி, அதுக்கு வேண்டாம். அங்க நல்ல தண்ணிதான் விழுகோணும். அதுல இறங்குறத முதல் தொட்டிக்கு உடுங்க. அங்க இறங்குறத மண்ணுக் கழுவற எடத்துக்கு உடுங்க. மண்ணோட வர்ற கெழங்குக்கு எதுக்குங்க போர்வெல் தண்ணி? எங்கூட்டுல எம்பொண்டாட்டி அரிசி களைஞ்ச தண்ணியிலதான் சட்டியக் கழுவறா. சட்டி கழுவுன தண்ணியில அரிசி களைஞ்சா நான் திம்பனா?”

மதுமதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தன் நோட்டில் அத்தனை அம்புக்குறிகள் போட்டும், எல்லாம் எதிர்த்திசையில் போயிருந்தன.

அன்று மத்தியானமே இருவரும் குழாயைக் கழற்றி மாற்றினார்கள். மருந்து கலந்த தண்ணீரைப் பழைய குட்டையில் தேக்கினார்கள். நாலு நாள் வெயிலில் கிடந்தால் காரம் பறந்துவிடும். வாய்க்காலை நல்ல தண்ணீர் விட்டுக் கழுவினார்கள். குப்பாயி தன் தெருவிலிருந்த மாட்டுக்காரர்களை எல்லாம் மிரட்டி வியாழன் காலை ஒரு டிராக்டர் சாணி கொண்டுவந்தாள்.

“சீர்வரிசை வந்துருக்குதுங்க அம்மிணி,” என்றாள், டிராக்டரிலிருந்து குதித்து. “பலூனுக்கு வளைகாப்பு.”

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு விறகு லாரி வந்து நின்றது. ஓட்டுநர் செந்தமிழன் இறங்கிப் பின்கதவின் கொக்கியைத் தட்டினார். ராசப்பன் அலுவலகத்திலிருந்து வருவதற்குள் மதுமதி எதிரே போய் நின்றாள். சின்னண்ணன் அவளுக்குப் பின்னால், குற்றவாளிக் கூண்டில் நிற்பவர்போலக் கைகட்டி நின்றார்.

“அப்பா, முழுசா எரியல. விரிப்பு இப்பத்தான் எந்திரிக்குது. இன்னும் பத்து நாளாகும். தப்பு என்னோடது. பழைய தண்ணிய மாவுல உட்டேன்.”

“மருந்து போட்டது நானுங்க,” என்றார் சின்னண்ணன்.

“இல்லீங்கப்பா, நான் சொல்லாம…”

“அட இருங்க, ரெண்டு பேரும் ஒரே நேரத்துல வாக்குமூலம் குடுத்தா நான் எதை எழுதறது?” ராசப்பன் உள்ளங்கையை நீட்டினார். “மாவு என்னாச்சு? அதைக் காட்டு.”

சின்னண்ணன் காலையில் திரட்டிய சவ்வரிசியை அதில் கொட்டினார். மருந்தில்லாமல், மாற்றிய குழாயில் வந்த முதல் மாவு. ராசப்பன் வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பளீரென்ற வெள்ளை இல்லை; பாலின் வெள்ளை. ஒரு மணியை வாயில் போட்டுக் கடித்தார். பிறகு அடுப்புகளை நோக்கி நடந்தார்.

குப்பாயி தீக்குச்சியைக் கிழித்து நான்காவது அடுப்பில் காட்டினாள். ஒரு விரல் உயரத்துக்கு நீலத் தீ எழுந்தது. நடுங்கியது, அணையவில்லை. நின்றது. மற்ற மூன்றிலும் குச்சிதான் எரிந்து முடிந்தது.

ராசப்பன் அந்தத் தீயையே பார்த்துக்கொண்டிருந்தார். குப்பாயி சட்டியில் ஈரச் சவ்வரிசியைப் போட்டுத் துடுப்பால் தள்ள ஆரம்பித்தாள். மெதுவாகத்தான் வெந்தது. ஆனால் வெந்தது.

“ஏனுங்க, எறக்கட்டுங்களா?” செந்தமிழன் வெளியிலிருந்து கத்தினார்.

“எறக்கு,” என்றார் ராசப்பன். அவர் வாசலுக்குப் போய்த் தொடர்ந்தார். “மூணு அடுப்புக்கு எறக்கு. ஒரு அடுப்புக்கு உண்டானத வண்டியிலயே வெச்சு எடுத்துட்டுப் போயிரு.”

“கால் லோடைத் திருப்பிக் கொண்டுபோகச் சொல்றீங்களா? இப்பிடி யாருங்க செய்வாங்க?”

“நாங்க செய்வோம். அடுத்த லோடு பாதி போதும். அதுக்கடுத்தது வேணுமா வேண்டாமான்னு புள்ளையக் கேட்டுட்டு வண்டிய எடு.”

செந்தமிழன் தலையைச் சொறிந்துகொண்டு மதுமதியைப் பார்த்தார். அவள் சின்னண்ணனோடு சேர்ந்து, லாரியிலேயே இருக்கவேண்டிய கட்டைகளை ஒரு பக்கமாக ஒதுக்க ஏறிக்கொண்டிருந்தாள்.