அவள் சொல்ல, நான் பேச

பேராசிரியை கரும்பலகையில் "இருப்பு" என்று எழுதிவிட்டுத் திரும்பியபோது என் இரண்டு கைகளும் அந்தரத்தில் நின்றுவிட்டன. எதிரே உட்கார்ந்திருந்த தங்கை புருவத்தை உயர்த்தி, என்ன ஆச்சு என்று கேட்டாள். பிறவியிலேயே காது கேளாதவள் அவள். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறாள். உலகத் தத்துவ வரலாறு என்று மாலை வகுப்பு தொடங்கியதும் முதல் ஆளாகப் பேர் கொடுத்தாள். சைகையில் சொல்ல ஆள் இல்லை என்று கல்லூரியில் கையை விரித்தார்கள். உடனே தையல் கடையில் அளவெடுக்கும் என்னைப் பிடித்துக்கொண்டாள். தோழிகளோடு அவள் பேசும் முழுச் சைகை மொழியை எனக்குக் கற்றுக்கொடுத்த பிறகுதான் விட்டாள். அதுவரை எங்கள் வீட்டில் இருந்ததெல்லாம் சாப்பிடு, குளி, காய்ச்சலா, பஸ் வந்துடுச்சு என்கிற அளவுக்கான கைஜாடைதான்.

"இருக்குன்னு சொல்றாங்க," என்றேன் கையால்.

"எது?"

"எதுவுமில்ல. சும்மா, இருக்கு."

அவள் சிரித்ததில் மேசை ஆடியது.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் சமையலறையில் உட்கார்ந்து இல்லாத சைகைகளை நாங்களே செய்தோம். எல்லாம் ஓடிக்கொண்டே இருக்கிறது என்ற கிரேக்கருக்குக் குழாய்த் தண்ணீர். சீனர்களின் 'வழி'க்கு நான் சாலையைக் காட்டினேன். அவள் மறுத்து, கல்லைச் சுற்றிக்கொண்டு போகும் நீர்போல விரலை வளைத்தாள். 'நான்' என்று ஒன்று இல்லை என்ற பௌத்தர்களிடம் வந்தபோது சண்டையே வந்துவிட்டது. நெஞ்சைத் தொட்டுவிட்டுக் கையை ஆட்டினேன். "அது செத்துப்போனவங்களுக்கு" என்றாள். பிறகு தன் நெஞ்சைத் தொட்ட விரலையே திருப்பிப் பார்த்து, எங்கே என்று தேடினாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்ததை இருவருமே பார்க்கவில்லை. கிரேக்கர்களின் நூல்களை அரபு மொழிக்குக் கொண்டுபோன மொழிபெயர்ப்பாளர்களின் கதையைப் பேராசிரியை சொன்ன அன்று மட்டும் எனக்கு எல்லாம் உடனே விளங்கியது. அவர்களுக்கும் தோள்பட்டை வலித்திருக்கும்.

அடுத்தவர் மனதை அறிய முடியுமா என்பதில் ஆண்டு முடிந்தது. பல நாடுகளிலும் கேட்கப்பட்ட கேள்வி அது. "பக்கத்துல இருக்கறவங்க மனசுல என்ன ஓடுதுன்னு நமக்கு எப்படித் தெரியும்? யாராவது சொல்லுங்க," என்றார் பேராசிரியை.

தங்கை எழுந்தாள். அவள் கை பேசப் பேச, அவளாக நின்று குரல் கொடுக்கவேண்டியது என் வேலை.

"எங்க வீட்டுல எல்லார் மனசுலயும் சாப்பாடும் குளியலும் பஸ்ஸும்தான் இருக்குன்னு ரொம்ப வருஷம் நெனச்சிட்டிருந்தேன்," என்றேன். யாரோ சிரித்தார்கள். "ஏன்னா, அவங்க கை அத மட்டும்தான் சொல்லும். எங்க அக்காவும்..."

என் குரல் நின்றது. அவள் என் தோளில் தட்டினாள். சொல்லு.

"எங்க அக்காவுக்குச் சந்தேகம் வரும். கடவுள் மேல கோவம் வரும். டீச்சர் சொல்றது தப்புன்னுகூடத் தோணும். இதெல்லாம் இந்த வருஷம்தான் எனக்குத் தெரிஞ்சுது. எனக்காக அவ ஒரு மொழியையே கத்துக்கிட்டா. இந்த வயசுல எனக்குப் புதுசா ஒரு அக்கா கெடச்சிருக்கா."

என்னைப் பற்றிய அந்த வார்த்தைகளை என் வாயாலேயே சொல்லி முடித்தேன். பாவம், அவள் மனதிலும் அவ்வளவுதான் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அதைச் சொல்லக் கையைத் தூக்கினேன். அவள் அதைப் பிடித்துக்கொண்டாள்.

பேராசிரியை சாக்பீஸைக் கீழே வைத்தார். "அது சரி, எந்த எடத்துல நான் தப்பாச் சொன்னேன்?" என்று என்னைக் கேட்டார். வகுப்பே சிரித்தது.

வெளியே நல்ல மழை. இருவருக்கும் ஒரே குடை, அவள்தான் பிடித்திருந்தாள். தெருமுனையில் அவள் முன்னால் போய் நின்று, "இப்ப என் மனசுல என்ன இருக்கு, சொல்லு பாப்போம்," என்றேன்.

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். ஒரு கையால் தொடங்கினாள், போதவில்லை. தலைக்குமேல் பையைக் கவிழ்த்துக்கொண்டு ஜனங்கள் எங்களைக் கடந்து ஓடினார்கள். அவள் குடையை மடக்கி அக்குளில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கைகளாலும் சொல்ல ஆரம்பித்தாள். ஒவ்வொரு சொல்லுக்கும் அவள் விரல்நுனிகளிலிருந்து தண்ணீர் தெறித்தது.