இருபத்திரண்டு நிமிடக் கிரகணம்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது மொட்டைமாடியில் துணி உலர்த்தும்போது. நான் எட்டிப் பார்க்கவில்லை. எதிர்வீட்டு ஜன்னல் அவ்வளவு அகலமாகத் திறந்திருந்தால் நான் என்ன செய்ய?

2

'வானத்தையே விரல்நுனியில் வைத்திருந்த அந்த மாமேதை...' வேண்டாம். அவருக்கு இவ்வளவு ஆகாது.

எதிர்வீட்டுக்காரர் பஞ்சாங்கம் கணிப்பவர். தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமான வாக்கியங்களை முணுமுணுத்தபடி நகர்த்தி, கிரகண நேரம் சொல்லிவிடுவார். இருபது வருடமாகப் பஞ்சாங்க அட்டையில் அவர் பெயர்தான். இந்த வருடம் அச்சக முதலாளி இவருடைய சகலையிடமும் கணக்குக் கேட்டுவிட்டார். சகலை, மனைவியின் தங்கை கணவன், திருக்கணிதக்காரன். கண்ணால் பார்த்த வானத்தோடு ஒத்துப்பார்த்துத் திருத்திய கணக்கு.

"ரெண்டையும் போடுவோம். சூரியன் யார் பக்கமோ, அடுத்த வருஷம் அட்டையில அவர் பேரு" என்றார் முதலாளி. வயிறு எரியாதா?

3

அச்சுப்படி திருத்த வந்தது மூத்தவரான இவரிடம். அவர் கணக்கில் கிரகணம் பிற்பகல் 2.36. சகலையுடையது 2.10. கூடவே வந்த சகலையின் கணக்குத் தாள்களை வரிவரியாகத் துழாவினார். (பிழை தேடுவதில் இப்படி ஒரு பக்தியை நான் கண்டதில்லை.) உதயத்திலிருந்து எட்டு மணி நேரம் பத்து நிமிடம் கழித்துக் கிரகணம், அதுவரை ஓட்டையே இல்லை. கடைசி வரியில் அகப்பட்டது. அன்றைய உதயம் 6.22. சகலை அவசரத்தில் வெறும் ஆறு மணி என்று வைத்துக் கூட்டிவிட்டான்.

சரியாகக் கூட்டினால் 2.32.

சோழிகளை மறுபடி நகர்த்தினார். 2.36தான். அந்த நான்கு நிமிடம் தன்னுடைய பிழை என்பது அவருக்குப் புரிந்துவிட்டது, முகம் சொன்னது.

"ஏங்க, தம்பி கணக்கு எப்படி?" என்றாள் மனைவி.

"கையெழுத்து அழகா இருக்கு."

"'அண்ணன் பாத்துட்டா எனக்குப் பயமே இல்ல'ன்னாராம். தங்கச்சி சொன்னா."

"சொல்வான், சொல்வான்."

4

கதைக்கு முதல் முடிவு: பென்சிலை எடுத்துத் திருத்தினார். சகலை ஓடிவந்து, கண்கலங்கி... (இல்லை. இவரை எனக்குத் தெரியும்.)

இரண்டாவது: திருத்தவில்லை. கிரகணத்தன்று தெருவே கறுப்புக் கண்ணாடியோடு அண்ணாந்து நிற்கிறது. 2.10. சூரியன் முழுசாக இருக்கிறது.

"என்னப்பா, உங்க கிரகணம் பஸ்ஸை விட்டுடுச்சா?" என்று யாரோ சகலையைக் கேட்க, ஒரே சிரிப்பு. இருபத்திரண்டு நிமிடம் மூத்தவரைவிடச் சந்தோஷமான மனிதர் உலகத்தில் இல்லை. 2.32க்குச் சூரியனின் ஓரம் கடிபடுகிறது. கிட்டத்தில் வந்தவர் அவர்தான், அட்டை அவருக்கே. எல்லோரும் கைகுலுக்குகிறார்கள். அந்த இரண்டு முப்பத்திரண்டு யாருடையது என்று அங்கே அவருக்கு மட்டும்தான் தெ

5

வாக்கியத்தை அப்படியே விட்டுவிட்டேன். கிரகணத்துக்கு இன்னும் பல மாதம் இருக்கிறது, பஞ்சாங்கமே இன்னும் அச்சாகவில்லை. இப்போது மணி மூன்றரை. நாலுக்கு அச்சுப்படியை வாங்க அச்சகத்து ஆள் வருவார். மூத்தவர் பென்சில் சீவுகிறார், சீவிக்கொண்டே இருக்கிறார்.

'நானாக இருந்தால் திருத்தியிருப்பேன்' என்று சட்டென்று சொல்லிவிடாதீர்கள். முதலில் உங்கள் சகலையை, ஓரகத்தியை, அடுத்த மேஜைக்காரரை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள். பிறகு பென்சிலை வாங்கிக்கொள்ளுங்கள்.