முஹ்யித்தீன் வீட்டு மாடிப்படி

1

இந்தக் கதை ஏசி அறையில் பிறந்தது. பூமி சூடாகிறது என்று சொல்வதற்காக ஜோன்ஸ் எங்கள் ஊர் எழுத்தாளர்களை ஒரு ஓட்டலுக்குக் கூப்பிட்டிருந்தான். குளிர் தாங்காமல் நான் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஜோன்ஸ் ஒரு சுற்றுச்சூழல் அமைப்பில் வேலை பார்க்கிறான். கடல் ஊருக்குள் வரப்போவதைப் பற்றி ஆளுக்கொரு கதை வேண்டும், தொகுப்பாகப் போடுவோம் என்றான். கதையில் ஒருவராவது முழுக வேண்டும் என்று அவன் சொல்லவில்லை. முழுகினால் நன்றாக இருக்கும் என்று அவன் முகம் சொன்னது.

எனக்கு இந்தப் பயமுறுத்தல் எல்லாம் ஆகாது. எங்கள் ஊர் மில்லர்புரத்தில் குடியிருப்பவனுக்கு வெயிலைப் பற்றி வகுப்பெடுக்க வேண்டுமா? டீக்கடை அண்ணாச்சியிடம் பிளாஸ்டிக் கப்பைப் பறித்து அபராதம் போட்டவர்கள், கடைக்குப் பின்னால் நின்ற ஆலைப் புகைபோக்கியை அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. முத்துச் சிப்பி இந்தக் கடலில் பெருகும், பல வருஷம் காணாமல் போகும், மறுபடி வரும். அதற்கெல்லாம் எந்த மாநாடு கூடியது? ஆகவே முழுகாத ஒருவரைப் பற்றி எழுதுவது என்று முடிவு செய்தேன். [வீம்புதான். கதைகளில் பாதி வீம்பில்தான் பிறக்கின்றன.]

2

முதல் தொடக்கம்: "காயல்பட்டினத்தில் கடல் நீலமாக —"

வேண்டாம். கடல் எந்த ஊரில்தான் நீலமில்லை.

இரண்டாவது: "காலமெல்லாம் அரபு நாட்டுத் தம்மாமில் உழைத்துத் திரும்பிய முஹ்யித்தீன், மகள் மின்ஹாவுக்காக ஒரு வீடு கட்டினார். அந்த ஊரில் பெண்ணுக்குத்தான் வீடு. மாப்பிள்ளைதான் வந்து குடியேறுவார். வீட்டு மாடியில் நின்றாலும் கடல் தெரியாது. காற்றில் உப்பு மட்டும் வரும்."

இது இருக்கட்டும். இனி சிக்கல் வேண்டும். சர்வேக்காரர்கள் வந்து தெருமுனையில் ஒரு மஞ்சள் கல்லை* நட்டு, இந்தப் பிள்ளைகள் காலத்துக்குள் கடல் இதுவரை வந்துவிடும் என்கிறார்கள். வீடு, கல்லுக்குக் கடல் பக்கம் இருக்கிறது. மின்ஹாவின் நிக்காஹ் நாள் நெருங்குகிறது. ஒரே மகளை அங்கே குடிவைக்கலாமா என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். முஹ்யித்தீன் தன் ஈரச் செருப்பை அந்தக் கல்லின் மேல் காயப்போடுகிறார்.

(* இந்தக் கல்லைத் தேடி யாரும் காயல்பட்டினம் போக வேண்டாம். நட்டது நான்தான்.)

3

இங்கே எனக்கு அவர்மேல் சந்தேகம் வந்தது. நான் நம்பாமல் இருப்பது சுலபம். என் வீடு கடலுக்கு வெகு தூரம். பெற்ற மகளை அங்கே வைத்துக்கொண்டு ஒருவர் நம்பாமல் இருப்பதென்றால், உள்ளே ஏதோ இருக்க வேண்டும்.

இருந்தது. சுனாமி வந்து சில மாதம் கழித்து ஒருநாள் நடுப்பகலில், தெருவில் யாரோ தண்ணீர் வருகிறது என்று கத்தினார்கள். தெருவே ஒரே ஒரு மாடி வீட்டுக்கு ஓடியது. அதன் படி ஒருவர் ஏறுகிற அகலம். முஹ்யித்தீனின் மனைவி ராஹிலா, கைக்குழந்தை மின்ஹாவைத் தலைகளுக்கு மேலாக நீட்டினாள். யாரோ வாங்கிக்கொண்டார்கள். நெரிசலில் விழுந்த ராஹிலா எழுந்திருக்கவில்லை. கடல் அன்று தட்டில் ஊற்றிய தண்ணீர் மாதிரி கிடந்தது. முஹ்யித்தீன் தம்மாமில் இருந்தார்.

"என் பொஞ்சாதியக் கடல் கொல்லல," என்கிறார் அவர். "கத்துனவன் கொன்னான். கடல் வருதுன்னு எவன் சொன்னாலும் நான் கடலப் பாக்க மாட்டேன். அவன் வாயத்தான் பாப்பேன்."

[இதை நான் யோசித்து எழுதவில்லை. கை எழுதியது. எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் வாசலில் போய் நின்றேன். மனசு சரியில்லை.]

4

இதுவரை எழுதியதைப் படமெடுத்து ஜோன்ஸுக்கு அனுப்பினேன். போனில் கூப்பிட்டான். "வாசல்ல நின்னா அலைச் சத்தத்துல பேச்சே கேக்கலன்னு எழுதிருக்கியள்லா அண்ணாச்சி, அந்த எடம் நல்லாருக்கு," என்றான்.

நான் அப்படி எழுதவில்லை. தாளை எடுத்துப் பார்த்தேன். அந்த வரி இருந்தது, என் கையெழுத்தில். அடித்தல் திருத்தல் இல்லை. அதற்கு முந்தைய பிரதியை எடுத்தேன். அதில், "மாடியில் நின்றால் தென்னைகளுக்கு நடுவே கடல் ஒரு கோடாகத் தெரியும்." இரண்டு பிரதிகளுக்கும் நடுவே நான் மாற்றியது முஹ்யித்தீனின் சட்டை நிறத்தை மட்டும்தான்.

ஜோன்ஸ்தான் விளையாடுகிறான் என்று சண்டை பிடித்தேன். பனிமய மாதா மேல் சத்தியம் செய்தான். அவன் மாதாமேல் பொய்ச் சத்தியம் செய்கிறவன் இல்லை. மறுநாள் பஸ் ஏறிக் காயல்பட்டினம் போனேன். நல்ல வெயில். பையன்கள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். கடல் அதன் இடத்தில் இருந்தது. நான் நட்ட கல் எங்கேயும் இல்லை. நிம்மதியாகத் திரும்பினேன்.

அப்போதுதான் ஜோன்ஸ் இன்னொன்று கேட்டான். நம்பாத மனிதர் மாடிப்படியை ஏன் இவ்வளவு அகலமாகக் கட்டியிருக்கிறார்?

எந்தப் படி? இந்த வீட்டுக்கு நான் படியே எழுதவில்லை. ஆனால் இருக்கிறது: நாலு பேர் சேர்ந்தாற்போல் ஏறலாம், மேலே கதவும் கிடையாது. முஹ்யித்தீனிடமே கேட்டேன். [கேட்பது என்றால், பேனாவை மூடிவைத்துக் காத்திருப்பது.]

"கடலுக்கு இல்ல," என்றார். "கத்துறவனுக்கு."

5

நிக்காஹுக்கு முந்தின நாள், நடுப்பகல். மின்ஹா புது வீட்டு அடுக்களையைக் கழுவிக்கொண்டிருக்கிறாள். ஊற்றிய தண்ணீர் வெளியேறவில்லை. தண்ணீர் போகும் துவாரத்தின் வழியாக வேறு தண்ணீர் மேலே வருகிறது, சத்தமில்லாமல். விரலால் தொட்டு நாக்கில் வைக்கிறாள்.

"வாப்பா, இங்கன வந்து பாருங்களேன்."

வாசலில் தெருவைப் பார்த்து நிற்கும் முஹ்யித்தீன் திரும்பவில்லை. "போர்த் தண்ணி மவளே. இந்தத் தெருவுல எல்லா வீட்லயும் உப்புதான்."

உண்மைதான். இந்தக் கரையில் போர்த் தண்ணீர் உப்பாகத்தான் வருகிறது. நான் அவர் கட்சி.

[ஆனால் துவாரத்திலிருந்து ஒரு நண்டுக்குஞ்சு ஏறி வருகிறது. போர்த் தண்ணீரில் நண்டு வராது. அதை நான் எழுதவில்லை. பாருங்கள், இருக்கிறது.]

6

முடிவு ஒன்று: போர்த் தண்ணீரேதான். மறுநாள் பிரியாணி. கல்லின் மேல் மாப்பிள்ளையின் புதுச் செருப்பு. இதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

முடிவு இரண்டு: கடல் வருகிறது. ஜோன்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு தொகுப்பில் முதல் கதையாகப் போடுகிறான்.

முடிவு மூன்று: யாரோ கத்துகிறார்கள். கடல் வரவில்லை. அகலமான படிதான், இருந்தாலும் தெருவே ஏறுகிறது, மின்ஹா நடுவில் —

மாட்டேன். மூன்றையும் மாட்டேன். எனக்குப் பயமாக இருக்கிறது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். கத்தாமல் இருந்து அவள் போனாலும் காரணம் நான்தான், கத்தி அவள் போனாலும் நான்தான்.

நீங்கள் ஒரு உதவி செய்யுங்கள். இரண்டாம் பகுதிக்குத் திரும்பிப் போய், அந்த வீட்டு மாடியில் நின்றால் கடல் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாது என்று இருந்தால் நல்லது, எனக்குத்தான் கண் கெட்டுவிட்டது. வேறு மாதிரி இருந்தால், கத்துவதா வேண்டாமா என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். மின்ஹா இன்னும் அடுக்களையில்தான் குனிந்திருக்கிறாள். தண்ணீர் அவள் கணுக்காலில் இருக்கிறது.

முஹ்யித்தீன் வாசலில் நிற்கிறார், கடலுக்கு முதுகைக் காட்டி. உங்கள் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.