நாலு அங்குலப் புல்லி

றஸ்மியாவின் மணிக்கட்டை உடைத்தது அவளுடைய பழைய டீசல் எஞ்சின்தான். யட்டவத்தையில் அவள் நடத்தும் மிளகாய் மில்லை அதுதான் ஓட்டிக்கொண்டிருந்தது. ஸ்டார்ட் பண்ணக் கைப்பிடியைச் சுழற்றியபோது திருப்பி அடித்துவிட்டது. கணவன் மக்கீன் கிழமையில் ஐந்து நாள் லொறியோடு தம்புள்ளையில். தினமும் ஒரு ஆம்பிளையைத் தேடிப் பிடித்து மில்லைத் திறக்க அவளுக்கு இஷ்டமில்லை. கட்டு அவிழ்த்த மறுவாரமே, கயிற்றை இழுத்தால் ஓடுகிற பெட்ரோல் எஞ்சின் ஒன்றை வாங்கி வந்தாள்.

பார்த்ததும் கொழுந்தன் ஸஜ்ஜாத் சிரித்தான்.

"மதினி, பழசு எண்ணூறு சீசீ. இது நானூறுகூட இல்ல. மில்லை இழுக்குமா?"

"பழசு பன்னிரண்டு குதிரைவலு, இது பதின்மூன்று. தகட்டுல இருக்கு, பாருங்க."

"தகட்டுல என்னத்தையும் எழுதலாம்."

ஆனாலும் அவன்தான் பழைய எஞ்சினில் பெல்ட் ஓடும் சக்கரத்தை, அந்தப் புல்லியைக் கழற்றிப் புதியதில் பூட்டினான். பெல்ட்டைப் போட்டதும் மில் தலைதெறிக்கச் சுற்றியது. பழைய வேகம் வரும்வரை எஞ்சினைக் குறைத்து வைத்தான். தோட்டத்து ரொஷானி, கோயில் திருநாள் சமையலுக்காகக் கொண்டுவந்த மிளகாயைக் கொட்டினாள். எஞ்சின் ஒருமுறை முனகி நின்றது. மூன்று தடவை போட்டும் அப்படியே.

"பெரிய எஞ்சின் பெரிய எஞ்சின்தான்" என்று சொல்லிவிட்டு ஸஜ்ஜாத் போய்விட்டான்.

"அக்கா, ஞாயித்துக்கிழமை திருநாள். நான் வேற மில் பார்க்கட்டுமா?"

"நாளைக்குப் பின்னேரம் வரைக்கும் பொறுங்க ரொஷானி. மூட்டை இங்கேயே இருக்கட்டும்."

அவள் போனபிறகு றஸ்மியா இரண்டு எஞ்சின்களின் தகடுகளையும் துடைத்து வாசித்தாள். குதிரைவலுவுக்குப் பக்கத்தில் இன்னொரு எண் இருந்தது. பழையதில் இரண்டாயிரம், புதியதில் மூவாயிரத்து ஐந்நூறு. நிமிஷத்துக்கு எத்தனை சுற்று என்ற கணக்கு. அதை அவள் கவனித்ததே இல்லை.

பெரிய எஞ்சின் ஒவ்வொரு சுற்றிலும் பலமாகத் தள்ளும், மெதுவாகச் சுற்றினாலே போதும். சின்னது அவ்வளவு தள்ளாது. வேகமாகச் சுற்றித்தான் அதே வேலையை முடிக்கும். அந்த வேகத்தையே அல்லவா ஸஜ்ஜாத் குறைத்து வைத்திருக்கிறான்! அப்படியிருக்க, பதின்மூன்று குதிரைவலு எங்கிருந்து வரும்? எஞ்சின் முழு வேகத்தில் ஓட வேண்டும், மில் மட்டும் பழைய வேகத்திலேயே சுற்ற வேண்டும். அதற்கு எஞ்சின் பக்கத்துப் புல்லி சிறிதாக வேண்டும். பழைய புல்லியை அளந்தாள். ஏழு அங்குலம். மிளகாய்ப் பையின் முதுகிலேயே ஏழோடு இரண்டாயிரத்தைப் பெருக்கி, மூவாயிரத்து ஐந்நூறால் வகுத்தாள். நாலு.

காலையில் முதல் பஸ்ஸில் மாத்தளைக்குப் போனாள். லேத் பட்டறை சிவலிங்கம் நம்பவில்லை.

"நாலு அங்குலம் போதும்னு யார் சொன்னாங்க?"

"நான்தான் கணக்குப் பார்த்தேன். வெட்டித் தாங்க."

மத்தியானம் திரும்பி, ஒற்றைக் கை பலத்தில் புல்லியை இறுக்கினாள், பெல்ட்டையும் சின்னதாக மாற்றினாள். ஸஜ்ஜாத் வாசலில் வந்து நின்றான், உதவிக்குக் கை நீட்டவில்லை. அவளும் கேட்கவில்லை. கயிற்றை இழுத்து எஞ்சினை முழு வேகத்துக்கு விட்டாள். மில் பழைய வேகத்திலேயே சுற்றியது. மிளகாயைக் கொட்டினாள். சத்தம் கொஞ்சம் கனத்தது, நிற்கவில்லை. அடியில் சிவப்புத் தூள் இறங்கத் தொடங்கியது.

இரண்டு பேரும் தும்மினார்கள்.

"மதினி," ஸஜ்ஜாத் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "வயலுக்கு ஒரு தண்ணி மெஷின் எடுக்கணும். வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பிறகு கடைக்கு வரீங்களா?"

"வாறேன். இப்ப அந்த மூட்டையைத் தூக்கித் தாங்க."