சந்தனம் பூசிய மீட்டர்

ஆயுத பூஜை என்றால் எங்கள் சிமெண்ட் ஆலையில் பொட்டு வைக்காத பொருளே இருக்காது. ஸ்பானர், லாரி, ஷிஃப்ட் மணி, கேன்டீன் கிரைண்டர், எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும்தான். வைக்கட்டும், எனக்கென்ன. ஆனால் எண்பத்தைந்தாம் வருஷம் கேஸ் மீட்டருக்கு வைத்தார்களே, அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

டிபன் பாக்ஸ் அளவில் ஒரு பெட்டி. முகப்பில் ஒரு முள். பெட்டியிலிருந்து நீளமாக ஒரு ரப்பர் குழாய், நடுவில் அமுக்குவதற்கு ஒரு ரப்பர் பந்து, குழாயின் நுனியில் சல்லடை போல ஒரு பித்தளை மூடி. குழாயை நிலக்கரி கொட்டி வைக்கிற தொட்டிக்குள் இறக்கிப் பந்தை அமுக்கி விட்டால், உள்ளே இருக்கிற காற்றை இழுத்து வந்து மீட்டருக்குக் கொடுக்கும். விஷ வாயு இருந்தால் முள் ஏறும். நிலக்கரி உள்ளுக்குள் கனன்றால் வருகிற வாயுவுக்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது. அந்த முள்தான் எங்களுக்கு மூக்கும் கண்ணும்.

மீட்டர் கொளஞ்சியண்ணன் பொறுப்பில் இருந்தது. வேறொருத்தர் தொட்டால் கையைத் தட்டிவிடுவார். பெற்ற பிள்ளையைக் கூட அப்படித் துடைத்து வைத்திருக்க மாட்டார். மீட்டர் வருவதற்கு முன்பு இடுப்பில் கயிறு கட்டித்தான் கரித் தொட்டிக்குள் இறங்குவோம். மீட்டர் வந்ததும் கயிறு போய்விட்டது. முள் சொன்ன பிறகு கயிறு எதற்கு என்ற திமிர்தான், வேறென்ன.

பூஜைக்கு மறுநாள் காலை கரித் தொட்டி அடைத்துக்கொண்டது. மழையில் நனைந்து வந்த கரி. உள்ளே இறங்கிக் கடப்பாரையால் குத்திவிட வேண்டும். முறை செல்லப்பனுடையது. கொளஞ்சியண்ணனின் மருமகன்தான் செல்லப்பன். மகள் அம்சவள்ளி எங்கள் கேன்டீனிலேயே வேலை பார்த்தாள். கல்யாணமாகி ஒரு வருஷம் கூட ஆகவில்லை.

கொளஞ்சியண்ணன் வெளிக்காற்றில் மீட்டரைப் பார்த்தார். முள் பூஜ்யத்தில் நின்றது. குழாயை இறக்கிப் பந்தை அமுக்கினார். அப்போதும் பூஜ்யம்.

"சுத்தமா இருக்கு. எறங்குங்க மாப்ள."

"சரிங்க மாமா" என்று சொல்லிவிட்டு செல்லப்பன் ஏணியில் இறங்கினான். கடப்பாரைச் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு கேட்கவில்லை.

கொளஞ்சியண்ணன் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "மாப்ள!" என்று அலறினார். செல்லப்பன் கரியின் மேல் குப்புறக் கிடந்தான்.

கொளஞ்சியண்ணன் ஏணியில் காலை வைத்துவிட்டார். நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"வுடுறா பிச்சமுத்து! முள்ளு பூஜ்யத்துலதான நிக்கிது! வழுக்கி வுழுந்திருப்பாரு!"

அப்போதுதான் அவர் கையில் இருந்த ரப்பர் பந்தைப் பார்த்தேன். அமுக்கிய பந்து உப்பி வரவில்லை. நசுங்கியது நசுங்கியபடியே இருந்தது. குழாயை மேலே இழுத்து நுனியைப் பார்த்தேன். பித்தளை மூடியின் ஓட்டை எல்லாவற்றிலும் மஞ்சளாக இறுகிக் கிடந்தது. சந்தனம்.

முதல் நாள் சாமி கும்பிடும்போது அவரே கையால் அப்பியது. பெட்டியைப் பளபளவென்று துடைத்தவர் நுனியை மறந்துவிட்டார். ஒரு பொட்டுக் காற்று கூட உள்ளே போகவில்லை. பிறகு முள் எங்கே அசையும்?

மூடியைக் கழற்றி எறிந்துவிட்டு, வெறும் குழாயை மறுபடி இறக்கினேன். முள் கடைசிக் கோட்டில் போய் முட்டியது. கொளஞ்சியண்ணன் முகத்தில் ரத்தமே இல்லை.

காற்றுமுகமூடி இருந்த அறை பூட்டிக் கிடந்தது. சாவிக்காரர் பூஜை லீவில் தா.பழூர் போயிருந்தார். பூட்டை உடைக்க ஓர் ஆளை ஓடவிட்டு, கம்ப்ரசர் குழாயை இழுத்து வந்து தொட்டிக்குள் காற்றை அடித்தோம். கரி பற்றிக்கொண்டால் பற்றிக்கொள்ளட்டும் என்றுதான் அடித்தேன். கயிற்றை எடுத்து என் இடுப்பில் கட்டிக்கொண்டேன்.

"எறங்கட்டுமாண்ணே?"

டார்ச்சை வைத்துக்கொண்டு தொட்டியின் வாயில் குனிந்திருந்தது அவர் மட்டும்தான். பந்தை அமுக்கி முள்ளைப் பார்த்தார்.

"வேணாம்."

திரும்பக் கேட்டேன். மறுபடியும் வேணாம் என்றார். சொந்த மருமகன் உள்ளே கிடக்கிறான், இந்த மனுஷன் மீட்டரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாரே என்று எனக்கு வெறி வந்தது. வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவர் தொட்டியின் வாயை மறித்துக்கொண்டு நின்றார். அதற்குள் அம்சவள்ளி மாவுக் கையோடு ஓடிவந்தாள்.

"ஏம்ப்பா யாரும் எறங்காம நிக்கிறீங்க?"

"நாந்தான் வேணாம்னேன்."

அவள் அப்பனை இரண்டு கையாலும் அடித்தாள். அவர் பந்தை அமுக்கிக்கொண்டே இருந்தார். முள் இறங்கியதும், "இப்ப போ" என்றார். முகமூடி வருவதற்குள் நான் இறங்கிச் செல்லப்பனைக் கயிற்றில் கட்டி மேலே ஏற்றிவிட்டேன். உடம்பு சூடாகத்தான் இருந்தது. ஆலை ஆஸ்பத்திரியில் டாக்டர் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, உயிர் போய்விட்டது என்றார்.

அம்சவள்ளி அழவில்லை. அப்பனுக்கு எதிரில் வந்து நின்றாள்.

"நீங்க வேணாம்னு சொன்னப்ப, அவருக்கு உசுரு இருந்துச்சா?"

"இல்லம்மா, வுழுந்தப்பவே..." என்று நான் வாயைத் திறந்தேன். கொளஞ்சியண்ணன் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"இருந்துச்சு ஆயி. வெரல மடக்கி மடக்கி விரிச்சாரு. டார்ச்சுல பாத்தேன்."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அந்த விரலைப் பற்றி அவர் எங்களிடம் மூச்சு விடவில்லை. விட்டிருந்தால் அவரை இடித்துத் தள்ளிவிட்டு நான் குதித்திருப்பேன். என் பின்னாலேயே இன்னும் இரண்டு பேர் குதித்திருப்பார்கள்.