ரெண்டு திண்டிவனம்

மேடம் கேட்டது அஸ்வினியை. பதில் சொன்னது துரைக்கண்ணு. மகளின் பெயர், வகுப்பு, காலையில் சீருடை போட்டதுமே அவளுக்கு வயிற்றைப் புரட்டுவது, அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு வீட்டைவிட்டு இறங்காதது, திருவக்கரையில் மந்திரித்துக் கட்டிய கயிறு எல்லாவற்றையும் அவரே சொல்லி முடித்தார். விழுப்புரத்தில் பிள்ளைகளுக்கு மனநல சிகிச்சை தரும் பானுப்ரியா மேடம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"அவ பயப்படறப்பல்லாம் நீங்க முன்னாடி வந்து நின்னுக்கறீங்க. அப்போதைக்கு அவளுக்கு நிம்மதிதான். ஆனா பயம் அப்படியேதான் இருக்குது. சின்னச் சின்னதா அவளே செஞ்சு பாக்கணுங்க. இன்னிக்கு பஸ்ல டிக்கெட்டை அவ வாங்கட்டும். நீங்க வாயே தொறக்கக் கூடாது."

"மருந்து ஒண்ணும் இல்லீங்களா?"

"இப்பத்திக்கு இதுதாங்க மருந்து."

திண்டிவனம் பஸ்ஸில் ஜன்னலோரம் அஸ்வினி உட்கார்ந்தாள். பாதி வழியில் கூட்டேரிப்பட்டில் இறங்கினால் வீடு. கண்டக்டர் வந்து நின்றார். அவள் கையிலிருந்த நோட்டு வியர்வையில் நனைந்திருந்தது. உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

"எங்கம்மா போவணும்? ஜல்தி சொல்லு. யோவ், கூடத்தானே வந்த, நீயாவது சொல்லேன்யா."

துரைக்கண்ணு குனிந்து தன் செருப்பைப் பார்த்தார். முன் இருக்கைக்காரி திரும்பி, "பாவம், ஊமைப் பொண்ணு போல" என்றாள். ஊமையில்லை என்று சொல்லத் துடித்தார். கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார். கண்டக்டர் சலித்துக்கொண்டே முன்னால் போய்விட்டார்.

"அப்பா, நீங்களே வாங்கிடுங்கப்பா."

அவர் மாட்டேன் என்று தலையாட்டினார். அவள் கேட்டு அவர் மறுத்தது அதுதான் முதல் தடவை. அவள் பார்த்த பார்வையை அவரால் தாங்க முடியவில்லை. பிள்ளையை நடுத்தெருவில் விட்டுவிட்டு வந்தவனைப் போல உட்கார்ந்திருந்தார்.

விக்கிரவாண்டி தாண்டியதும் கண்டக்டர் திரும்பி வந்தார். அஸ்வினி மேடம் சொல்லிக்கொடுத்தபடி மூச்சை மெல்ல விட்டாள்.

"ரெண்டு... திண்டிவனம்."

துரைக்கண்ணு திடுக்கிட்டார். ஊர்ப் பெயர் மாறிப்போயிற்று. திறந்த வாயை மூடிக்கொண்டார். அவளோ டிக்கெட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்திடம் போய்த் தப்பு என்று எப்படிச் சொல்வது?

கூட்டேரிப்பட்டு வந்தது, போனது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"அய்யய்யோ, தப்பா சொல்லிட்டேன்பா!"

வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். வாந்தி எடுத்துவிடுவாளோ என்று அவர் பயந்தார். எடுக்கவில்லை.

"அதனால இன்னா? எறங்கித் திரும்பிப் போவலாம்."

எல்லா பஸ்ஸும் கூட்டேரிப்பட்டில் நிற்காது, விசாரிக்க வேண்டும். திண்டிவனத்தில் இறங்கியதும் பழக்கத்தில் அவர் கால் டைம் கீப்பர் அறைப் பக்கம் திரும்பியது. நிறுத்திக்கொண்டார். அஸ்வினி அவரைப் பார்த்தாள், அந்த அறையைப் பார்த்தாள். பிறகு துப்பட்டா நுனியைக் கையில் சுருட்டிக்கொண்டு நடந்தாள்.

ஹாரன் இரைச்சலில் அவர் நின்ற இடத்துக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஜன்னலுக்கு உள்ளே இருந்தவர் புரியாமல் காதோரம் கையை வைத்து, அவள் பக்கமாக இன்னும் கொஞ்சம் குனிவது மட்டும் தெரிந்தது.