தோற்காத கருதுகோள்

புதன்கிழமை காலை பத்தரை. ஆய்வகத்து ஜன்னலோரம் ஆறு ரொட்டித் துண்டுகள், தனித்தனிப் பைகளில். மூன்று வெள்ளையாக இருந்தன. மூன்றில் பச்சைப் பூஞ்சை.

அறிவியல் ஆசிரியர் ஒரு பையைத் தூக்கிப் பார்த்தார்.

“பச்சை எதும்மா?”

“சோப்புல கழுவின கை தொட்டது சார். வெள்ளை, வெறும் தண்ணியில கழுவினது.”

அவள் ஒன்பதாம் வகுப்பு. எதையும் அளந்து பார்ப்பதால் வகுப்பில் தராசு என்று பெயர். மறுநாள் பள்ளிகளுக்கிடையிலான அறிவியல் கண்காட்சி. பள்ளிக்கு ஒரே ஒரு மேசை. இரண்டு வருடம் கேட்டு இந்த வருடம்தான் அது அவளுக்குக் கிடைத்திருந்தது.

சோப்பு தாளாளருடையது. அவர் ஆலையில் தயாராகி, குழாயடிதோறும் புட்டிகளில் தொங்கியது. புட்டியில் அவர் படம். சிரித்துக்கொண்டிருப்பார்.

“கருதுகோள் என்ன எழுதியிருக்கே?”

“சோப்புல கழுவினா பூஞ்சை குறையும்னு. தப்பாப் போச்சு.”

ஆசிரியர் உட்கார்ந்துவிட்டார். அவர் பணிக்காலத்தில் ஒரு கருதுகோளும் தோற்றதில்லை.

“முதல்லயே அதை எழுதச் சொன்னது யாரு? முடிவு வந்தப்புறம் எழுதணும். அப்பத்தான் பொருந்தும்.”

“அப்ப மாத்திடவா சார்? சோப்புல கழுவினா பூஞ்சை கூடும்னு?”

அவர் வாசலைப் பார்த்தார். “வாயைக் கழுவு.”

“எதுல சார்?”

அவர் முறைத்தார். பிறகு அவளுடைய கண்காட்சி அட்டையை இழுத்து வைத்துக்கொண்டார்.

“கேள்வியிலதான் கோளாறு. பதில் வர்ற மாதிரி கேட்டு வச்சிருக்கே.”

‘சோப்பு பூஞ்சையைக் குறைக்குமா?’ என்றிருந்ததில் சோப்பை அடித்தார். ‘கை கழுவினால் பூஞ்சை குறையுமா?’ என்று எழுதிப் பார்த்தார். பூஞ்சையையும் அடித்தார். கையும் உறுத்தியது. கடைசியில் இரண்டே சொற்களில் வந்து நின்றது: ‘சுத்தம் நல்லதா?’ கருதுகோள்: ‘நல்லது.’

“இதை எப்படி சார் சோதிக்கிறது?”

“சோதிக்கவே வேணாம். அதான் இதோட அழகு.”

அவள் ஜன்னலோரப் பைகளைப் பார்த்தாள்.

“பிடிக்கலேன்னா சொல்லு. மேசையை எட்டாம் வகுப்பு எரிமலைக்குக் குடுத்துடறேன்.”

“அது வருஷா வருஷம் வெடிக்குது சார்.”

“வெடிக்கும்னு எழுதறாங்க, வெடிக்குது. உன்னை மாதிரியா?”

எது சோப்பு, எது தண்ணீர் என்று பைகளில் ஒட்டியிருந்த சீட்டுகளை அவள் ஒவ்வொன்றாகக் கிழித்தாள். மேசை காலியாக இருக்கக் கூடாதென்பதால் ரொட்டிகள் மட்டும் தப்பின.

மறுநாள் தாளாளர் புகைப்படக்காரரோடு வந்தார். அட்டையை இரண்டு முறை படித்தார்.

“ஆழமான கேள்வி” என்றார்.

“பசங்களே யோசிச்சதுங்க” என்றார் ஆசிரியர்.

தாளாளர் பைகளைக் கவனித்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னப் புட்டியை எடுத்து, தன் படம் தெரியும்படி மேசையில் வைத்தார். ஒரு வெள்ளை ரொட்டியை அதன் பக்கத்தில் நகர்த்தினார். புகைப்படக்காரர் குனிந்தார்.

“பளிச்சுன்னு இருக்கே. இது நம்ம சோப்புதானே?”

“ஆமாங்க, ஆமாங்க” என்றார் ஆசிரியர்.

“நீங்க சும்மா இருங்க சார். செஞ்சது அந்தப் பொண்ணு.” தாளாளர் அவள் பக்கம் திரும்பினார். புட்டியில் இருந்த அதே சிரிப்பு.

“நீ சொல்லும்மா. இதுல நம்ம சோப்பு எது?”